பாக்கெட்டில் 0.3, டெக்கில் 0.15

மெக்கானிக்கல் மாட் என்ற வேப் கருவியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதிகம் ஒன்றும் இருக்காது. பித்தளையிலோ செம்பிலோ ஒரு குழாய், அடியில் அமுக்குகிற பட்டன், நடுவில் ஒரு லித்தியம் பேட்டரி, தலைப்பக்கம் காயில் உட்காரும் ஆட்டமைசர். அவ்வளவுதான். சர்க்யூட் போர்டு கிடையாது, திரை கிடையாது, பெரும்பாலானவற்றில் ஃபியூஸ்கூடக் கிடையாது. பட்டனை அமுக்கினால் பேட்டரியில் இருப்பது நேரே காயிலுக்குப் பாயும். காயில் சூடேறும், அதற்குள் செருகிய பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகும். விரலை எடுத்தால் நின்றுவிடும். பட்டன் சிக்கிக்கொண்டால் நிற்காது.

பிரிட்டனில் படிக்கும் என் அக்கா மகன் இப்படி ஒன்றை வாங்கியிருக்கிறான். கம்பியை வாங்கிச் சொந்தமாகக் காயில் சுற்ற அவனுக்குத் தெரியாது. சுற்றித் தயாராக வைத்த காயில்களைப் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டான். “மாமா, ரெடிமேட் காயில்தானே? கம்பெனிக்காரனே கணக்குப் பார்த்துத்தானே சுத்தியிருப்பான்? நான் என்னத்தை யோசிக்கணும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஒரு வரியில் முடியாது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியைத் தாண்டிப் போகாது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரப்படுத்துவது, சேமித்து வைப்பது எல்லாமே குற்றம். விற்றுப் பிடிபட்டால் முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே இந்தப் பத்தி பிரிட்டன், அமெரிக்கா போல இது சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது. சிகரெட்டே பிடிக்காதவர்கள் இதைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நிகோட்டின் ஒருமுறை பிடித்தால் எளிதில் விடாது. ஏற்கெனவே கருவியைக் கையில் வைத்திருப்பவனிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. அவன் விரலும் முகமும் பத்திரமாக இருக்க வேண்டும்.

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். சாதாரண வேப் கருவியில், அதாவது சில்லு வைத்த கருவியில், காயிலை மாட்டியதும் சில்லு முதலில் அதன் மின்தடையை அளந்துகொள்ளும். மின்தடை மிகக் குறைவாக இருந்தால் ‘முடியாது’ என்று நின்றுவிடும். ஷார்ட் ஆனாலும் நின்றுவிடும். பட்டனை விடாமல் அமுக்கினாலும் சில விநாடிகளில், பெரும்பாலும் பத்து விநாடியில், தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடச் சொல்லும். மெக்கானிக்கல் மாடில் இந்த வேலைகளில் ஒன்றைக்கூடச் செய்ய ஆள் கிடையாது. அந்த வேலை முழுவதும் அதைப் பிடித்திருப்பவன் தலையில் விழுகிறது. காயிலைச் சுற்றிக் கொடுத்த கம்பெனி கம்பியைத்தான் அழகாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறது. அதை எந்தக் குழாயில், எந்தப் பேட்டரியோடு, ஒன்றாகவா இரண்டாகவா மாட்டப்போகிறான் என்பது கம்பெனிக்குத் தெரியாது.

கணக்கு இதுதான். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். முழு சார்ஜில் ஒரு லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் காட்டும். காயில் 0.3 ஓம் என்றால் 4.2-ஐ 0.3-ஆல் வகுக்க வேண்டும், 14 ஆம்பியர் வரும். உண்மையில் பட்டனை அமுக்கியதும் வோல்ட் கொஞ்சம் இறங்கும், பாயும் மின்னோட்டமும் அதற்கேற்பக் குறையும். அந்தக் குறைவை நம்பிக் கணக்குப் போடாதே என்றேன். எப்போதும் 4.2-ஐ வைத்தே போட வேண்டும். இறக்கம் என்பது கையில் மிஞ்சுகிற கொசுறு, அதை வரவில் எழுதக் கூடாது.

பாக்கெட்டில் 0.3 என்று போட்டிருக்கிறது, 14 ஆம்பியர்தான், பேட்டரி 20 ஆம்பியர் தாங்கும், ஆக எல்லாம் சரி என்று அவன் முடிவு செய்திருந்தான். ஆனால் அவனுடைய ஆட்டமைசரில் இருப்பது இரண்டு காயில் பூட்டும் டெக், அதாவது காயிலின் கால்களைத் திருகி இறுக்கும் தூண்கள் கொண்ட தளம். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஒரு காயிலின் மின்தடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் மின்சாரத்துக்கு இரண்டு வழி கிடைத்துவிடுகிறது. ஒரே தொட்டிக்கு இரண்டு குழாய் திறந்துவிட்டால் தண்ணீர் இரண்டு மடங்கு வேகத்தில் காலியாகும் அல்லவா, அப்படித்தான். மொத்த மின்தடை பாதியாகி 0.15 ஆகிறது. 4.2-ஐ 0.15-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். 20 ஆம்பியர் பேட்டரியிடம் 28 கேட்கிறான். அவனுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் பாக்கெட்டைப் படித்தான், எண்ணும் சரியாகத்தான் இருந்தது.

“அப்ப ரெண்டு காயில் போட்டா ரெண்டும் சேர்ந்து 0.6 ஆகாதா மாமா?” என்றான். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டினால் ஆகும். டெக்கில் அப்படிக் கட்டுவதில்லை. இரண்டு காயில்களுக்கும் ஒரு கால் பாசிட்டிவ் தூணுக்கு, மறு கால் நெகட்டிவ் தூணுக்கு. அது பக்க இணைப்பு, பாதியாகத்தான் ஆகும். அவன் டெக்குக்கு ஒவ்வொன்றும் 0.5 ஓம் உள்ள ஜோடிதான் ஏற்றது. மொத்தம் 0.25, கிட்டத்தட்ட 17 ஆம்பியர்.

பேட்டரியின் உறையில் எழுதியிருக்கும் எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. இந்தக் கருவிகளில் பெரும்பாலும் ஓடுவது 18650 என்ற அளவு, அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே இருப்பது வேறு வேறு. சாம்சங் 25ஆர் என்ற செல் 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும், தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். அதே கம்பெனியின் 30க்யூ 3000 கொள்ளும், ஆனால் கம்பெனி சொல்லும் தொடர் அளவு 15 ஆம்பியர்தான். சோனி உருவாக்கிய விடிசி5ஏ 2600 கொண்டு 25 ஆம்பியர் தரும். கொள்ளளவு கூடினால் தள்ளும் திறன் குறைவது இந்தச் செல்களில் வழக்கம். ‘3000 போட்டிருக்கு, இதுதான் பெருசு’ என்று எடுப்பவன் மெக்கானிக்கல் மாடுக்குத் தவறான செல்லை எடுத்துவிடுகிறான்.

யாரோ தயாரித்த செல்லை வாங்கித் தங்கள் பெயரில் புது உறை போட்டு விற்கும் கடைகளும் இருக்கின்றன. உறையில் 35, 40 என்று பெரிய எழுத்தில் ஆம்பியர் போட்டிருப்பார்கள். சில விநாடி மட்டும் தாங்கும் அளவைத் தொடர் அளவுபோல அச்சடிப்பதும் உண்டு. பார்க்க வேண்டியது, செல்லைத் தயாரித்த கம்பெனி சொல்லும் தொடர் அளவு ஒன்றைத்தான். ‘நான் நாலு செகண்ட்தானே அமுக்குறேன்’ என்ற வாதம் பட்டன் ஒழுங்காக இருக்கும் வரைதான் செல்லும். சிக்கிக்கொண்ட பட்டனுக்கு நாலு செகண்ட் தெரியாது. அந்தத் தொடர் அளவுக்கும் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுவது என் பழக்கம். 20 ஆம்பியர் செல் என்றால் 16, 17-ஐத் தாண்ட மாட்டேன், அதாவது மொத்த மின்தடை 0.25-க்குக் கீழே போகாது.

இதற்கெல்லாம் ஓம் மீட்டர் வேண்டும். ஆட்டமைசரை மேலே திருகி வைத்தால் எண் காட்டும் சின்னப் பெட்டி, வேப் கடைகளிலேயே கிடைக்கும். மெக்கானிக்கல் மாட் வாங்குகிறவன் முதலில் இதை வாங்க வேண்டும், குழாயை அப்புறம் வாங்கலாம். பாக்கெட் காயிலையும் மாட்டிய பிறகு அளந்தே ஆக வேண்டும். காரணம் உண்டு. கம்பியின் நீளத்தைப் பொறுத்தது மின்தடை. காயிலின் காலை அவன் டெக்கின் உயரத்துக்கு வெட்டும்போது மின்தடையும் கொஞ்சம் குறைகிறது. சுற்றியதிலேயே சின்ன வித்தியாசம் இருக்கும். மீட்டரிலும் சிறிய பிழை உண்டு. 1 ஓம் காயிலில் 0.02 வித்தியாசம் ஒன்றும் செய்யாது. 0.15 என்று நினைத்தது 0.13 ஆக இருந்தால் 28 ஆம்பியர் என்பது 32 ஆகிவிடும். மின்தடை எவ்வளவு குறைவோ, சின்னப் பிழையும் அவ்வளவு பெரிதாக வந்து நிற்கும்.

பாக்கெட்டில் இன்னொன்றையும் படிக்க வேண்டும், கம்பி எந்த உலோகம் என்று. கந்தால், நிக்ரோம் 80, எஸ்எஸ் 316எல் மூன்றும் மெக்கானிக்கல் மாடில் பயன்படுபவை. கந்தால் ஸ்வீடனில் உலைகளுக்காக உருவாக்கிய இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. நிக்ரோம் நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இருப்பதுதான். நிக்கல் 200 என்றோ டைட்டானியம் என்றோ போட்டிருந்தால் தொடவே கூடாது. அவை வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்தும் சில்லுக் கருவிகளுக்கானவை. தூய நிக்கலின் மின்தடை கந்தாலில் பதினைந்தில் ஒரு பங்குதான். அதை மெக்கானிக்கல் மாடில் மாட்டினால் பேட்டரியைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஷார்ட். டைட்டானியம் அளவுக்கு மீறிச் சிவந்தால் மேலே வெள்ளைத் தூளாக ஆக்சைடு படியும், அதை மூச்சில் இழுக்க வேண்டிவரும்.

மாட்டும் வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். தூணின் துளையில் காலை நுழைத்துத் திருகை இறுக்கியதும் மறுபக்கம் கம்பி நுனி நீட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தூணோடு ஒட்ட வெட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விட்டாலும் போதும், மேல் மூடியைப் போட்டு அழுத்தும்போது அந்த நுனி மூடியின் உள் சுவரைத் தொடும். மூடி, குழாய் எல்லாமே நெகட்டிவ். பாசிட்டிவ் தூணின் நுனி அதைத் தொட்டால் அந்த நொடியே ஷார்ட். காயிலின் வயிறும் டெக்கின் தரையிலோ தூணிலோ உரசக் கூடாது. ஆகவே ஓம் மீட்டரில் இரண்டு முறை பார்க்கச் சொன்னேன். மூடி போடாமல் ஒருமுறை, பஞ்சு வைத்து மூடியும் போட்டு ஒருமுறை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எண் குதித்துக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பஞ்சு வைப்பதற்கு முன் காயிலை மெல்லச் சூடேற்றி, எங்கும் தனியாகச் சிவக்கும் புள்ளி இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராகச் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் சில்லு வைத்த கருவியில் மாட்டிப் பார்ப்பதுதான் நல்லது, தவறு இருந்தால் அது நின்றுவிடும்.

ரெடிமேட் காயில் என்று இன்னொரு பொருளையும் சொல்வார்கள். திரவம் நிரப்பும் டேங்குக்குள் அப்படியே திருகும் காயில் ஹெட், பஞ்சோடு அடைத்து வருவது. இதை மெக்கானிக்கல் மாடில் மாட்டுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. காரணம் இரண்டு. ஹெட்டின் பக்கத்தில் 0.15 ஓம், 80 வாட் வரை என்பதுபோலப் போட்டிருக்கும். சில்லுக் கருவியில் 70 வாட் என்று வைத்தால் 70-தான் போகும். மெக்கானிக்கல் மாடில் வாட்டைக் கேட்டு வைக்க இடமே இல்லை. முழு சார்ஜில் 4.2 வோல்ட்டுக்கு 0.15 ஓம் என்றால் கணக்குப்படி 117 வாட் வருகிறது. பேட்டரி இறக்கத்தைக் கழித்தாலும் 80-ஐத் தாண்டும் வாய்ப்புதான் அதிகம். பஞ்சு கருகும், 28 ஆம்பியரும் பேட்டரியிடமிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் மோசம். குழாயின் தலையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் பேட்டரிக்கும் ஆட்டமைசருக்கும் நடுவே தனியாக ஒரு பின்னும், அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத வளையமும் இருக்கும். ஹைப்ரிட் என்று சொல்லும் வகையில் நடுவில் எதுவுமே கிடையாது. ஆட்டமைசரின் அடியில் இருக்கும், 510 எனப்படும் மரைத்தண்டு நேராகப் பேட்டரியின் தலையில் வந்து உட்காரும். அந்தத் தண்டை ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது பாசிட்டிவ் பின். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். அதற்கு வெளியே மரை, அது நெகட்டிவ். பின் மரையின் விளிம்பைவிட வெளியே தெளிவாகத் துருத்திக்கொண்டிருந்தால் பேட்டரியைப் பின் மட்டும் தொடும். பின் உள்ளடங்கியோ விளிம்போடு சமமாகவோ இருந்தால், இறுக்கியவுடன் மரை விளிம்பு பேட்டரியின் பாசிட்டிவ் தலையில் அமர்ந்துவிடும். அப்போது காயில் 0.5 ஓமாக இருந்தாலும் ஒன்றாக இருந்தாலும் பயனில்லை, மின்சாரம் காயிலுக்குப் போகவே போகாது. நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் முழு ஷார்ட் அது. ரெடிமேட் ஹெட் போடும் டேங்குகளில் பல, பின் துருத்தாதவை, அல்லது ஸ்பிரிங் வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடுபவை. அவற்றை ஹைப்ரிட் தலையில் திருகவே கூடாது. இதில் என்னிடம் ‘பார்த்துக்கலாம்’ கிடையாது.

பேட்டரியின் கட்டமைப்பும் இதே இடத்தில்தான் ஆபத்தைக் கூட்டுகிறது. செல்லின் அடிப்பக்கம் மட்டும் நெகட்டிவ் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இரும்பு டப்பா முழுவதுமே நெகட்டிவ், தோள்பட்டை வரைக்கும். பாசிட்டிவ் என்பது தலையின் நடுவில் இருக்கும் சின்ன வட்டம்தான். இரண்டுக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர், அதை மறைப்பது ஒரு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும். தோள் ஓரத்தில் உறை நகக்கீறல் அளவு கிழிந்தாலும் அந்தச் செல்லை மாடில் போடக் கூடாது. புது உறை சில காசுக்குக் கிடைக்கும், ஹேர் டிரையரால் சுருக்கி ஒட்டவைக்கலாம். இந்தச் செல்களைத் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளே, இவை பாதுகாப்புச் சர்க்யூட்டோடு பேட்டரிப் பேக்கில் போடத்தான், தனியாக விற்கவோ வேப் கருவியில் போடவோ அல்ல என்று எச்சரித்திருக்கின்றன. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021-இல் தனி 18650 செல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அவனிடம் இதை மறைக்காமல் சொன்னேன்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை மின்சிகரெட் தீப்பிடித்தோ வெடித்தோ செய்தியில் வந்த 195 சம்பவங்களை அதில் தொகுத்திருக்கிறார்கள். எல்லா வகைக் கருவிகளும் சேர்த்த கணக்கு அது. 133 பேருக்குக் காயம், அதில் 38 பேருக்குப் படுகாயம். கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று சம்பவங்கள், கருவியோ மாற்றுப் பேட்டரியோ சட்டை, பேன்ட் பையில் இருந்தபோது அல்லது வாயருகே பயன்படுத்தியபோது நடந்தவை. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரும் வேப் கருவி வெடித்து இறந்தார்கள். டெக்சாஸ் இளைஞருக்குச் சிதறிய துண்டு கழுத்து ரத்தக் குழாயை அறுத்தது. குழாய் மூடியிருக்க, உள்ளே வாயு பெருகினால் அது போக வழி வேண்டும். அதற்குத்தான் குழாயில் ஓட்டைகள் வைக்கிறார்கள். ஓட்டை இல்லாத மாட், அல்லது ஓட்டையை உள்ளே ஸ்லீவ் மூடியிருக்கும் மாட் இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மாட்களும் உண்டு. அதில் 8.4 வோல்ட். அவனுடைய 0.25 ஓம் ஜோடி அங்கே 34 ஆம்பியர் கேட்கும், இரண்டு செல் இருக்கிறதென்று சுமை பாதியாகாது, ஒவ்வொரு செல்லும் முழு 34-ஐயும் தள்ள வேண்டும். தொடங்குகிறவனுக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.

அன்றாடப் பழக்கம் கொஞ்சம்தான். கீழே வைக்கும்போதெல்லாம் பட்டனின் பூட்டு வளையத்தைத் திருகிவிட வேண்டும், பையில் போடுவதென்றால் பேட்டரியைக் கழற்றிப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க வேண்டும், சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் தனி செல்லைப் போடக் கூடாது. மல்டிமீட்டரில் 3.4 வோல்ட் பக்கம் வந்தால் எடுத்து சார்ஜ் போட வேண்டும், தனி சார்ஜரில், கண்ணெதிரே. பட்டனோ குழாயோ சூடாகிறதென்றால் தொடர்புகளில் அழுக்கு, அல்லது எங்கோ ஷார்ட். அந்தச் சூட்டை அலட்சியம் செய்து இன்னொரு இழுப்பு இழுக்கக் கூடாது.

“திடீர்னு கையிலயே கொதிச்சா என்ன மாமா பண்றது?” என்றான். முதலில் விரலை எடு, பட்டன் எழும்பவில்லை என்றால் கழற்றிப் பார்க்க நிற்காதே. ஆள் இல்லாத பக்கமாக, வெளியே, சிமென்ட் தரையிலோ மண்ணிலோ எறிந்துவிட்டுத் தள்ளிப் போ. குழாய் இரண்டு பக்கமும் துண்டைத் துப்பக்கூடும், அதனால் அதன் நேர் எதிரே நிற்காதே. ஆறிய பிறகும் அந்தச் செல்லைத் திரும்பப் பயன்படுத்தாதே. குப்பைக்கூடையிலும் போடாதே, லாரியில் அழுத்தும்போது மறுபடி தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே எரியாத இடத்தில் வைத்துவிட்டு, ஊர் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்துக்குப் போன் செய்து, கெட்டுப்போன லித்தியம் செல் என்று சொல்லியே கொண்டு போ. உறை கிழியாத, நல்ல நிலையில் வயதாகிப்போன செல்களுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். பிரிட்டனில் ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் கடைகள் பழைய பேட்டரியை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அவன் தெருமுனையில் இருக்கும் சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே அதற்கான பெட்டி இருக்கும்.